தம்பிக்கு, முத்தொரையிலிருந்து

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எண்ணெய் தேய்த்துவிடுகிறாயா, இல்லை அம்மா கத்துவதைக் காதில் வாங்காமல் போனும் கையுமாகத் திரிகிறாயா? பரீட்சை நெருங்கும்போது ராத்திரி வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறாயாம். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் காசில்தான் நானும் படித்தேன். ஆனால் எல்லைப் பக்கம் படகைப் பிடித்தார்கள் என்று செய்தி வந்தால் எனக்கு இங்கே சோறு இறங்குவதில்லை. லீவு நாளில் மட்டும் போடா.

"கருந்துளை வெளிச்சத்தையே விடாது என்கிறாய், அப்புறம் எப்படி அது அத்தனை பிரகாசம்?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். நல்ல கேள்வி கேட்டவன் பதிலுக்கு நிற்க வேண்டாமா?

வெளிச்சம் கருந்துளைக்குள்ளிருந்து வருவதே இல்லை. உள்ளே விழப்போகிற வாயு, விழுவதற்கு முன்னால் தருவது அது. பாம்பன் பாலத்துக்கு அடியில் நீவாடு இழுக்கும்போது சுழி போடுமே, அதில் மாட்டிய சருகு நேராக உள்ளே போகுமா? சுற்றிச் சுற்றித்தானே போகும். வாயுவும் அப்படித்தான் தட்டுப்போலப் பரவிச் சுற்றுகிறது. உள்வட்டம் வேகமாகவும் வெளிவட்டம் மெதுவாகவும் ஓடுகின்றன. நடுவே காந்தப்புலம் பிடித்து இழுக்கிறது. அந்த இழுபறியில் உள்விளிம்பு லட்சம் டிகிரி அளவுக்குச் சூடேறி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் புற ஊதாக் கதிரையும் கொட்டுகிறது. தட்டுக்கு மேலே இன்னும் சூடான மெல்லிய வாயு இருக்கிறது. அதில் மோதும் ஒளி எக்ஸ் கதிராகிறது.

சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது எடையில் 0.7 சதவீதம்தான் சக்தியாகும். இப்படி விழும் வாயுவிலோ சுமார் 10 சதவீதம்! முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. 1969-இல் டொனால்ட் லிண்டன்-பெல் இதை விரிவாக எழுதினார்.

நாங்கள் இங்கே முத்தொரைத் தொலைநோக்கியில் பிடிப்பது ரேடியோ அலை. சில விண்மீன் மண்டலங்களின் நடுவே உள்ள கருந்துளையில், தட்டின் இரண்டு பக்கமும் தாரை பீய்ச்சிக்கொண்டு போகும். அதில் ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் வளைந்து சுழலும்போது ரேடியோ அலையை உமிழ்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் தன் ஆட்களோடு 1970-இல் கட்டி முடித்த தொலைநோக்கி இது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தகடு கிடையாது, முழுக்க மெல்லிய எஃகுக் கம்பிதான். மூடுபனி விலகும் காலையில் கம்பிக்குக் கம்பி நீர் கோத்து நிற்பதை நீ பார்க்க வேண்டும். இதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள் தெரியுமா? சரிவு 11 டிகிரி, இந்த ஊர் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் போதும், ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் ஸ்வரூப்பும் அவர் ஆட்களும் நம்பியது நிலாவை. ஒரு ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும் நொடியில் சிக்னல் எப்படி விழுகிறது என்று பதிந்து, அதன் இடத்தையும் அளவையும் கண்டார்கள். 1962-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 3சி 273 என்ற குவாசாரின் (நான் சொன்ன மாதிரி வாயுவை இழுத்துப் பிரகாசிக்கும் கருந்துளைதான் குவாசார்) இடத்தையும் இப்படித்தான் குறித்தார்கள். அடுத்த வருஷமே மார்டின் ஷ்மிட் அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அத்தனை தூரத்திலிருந்து இவ்வளவு பிரகாசமா என்று உலகமே திகைத்து, நீ கேட்ட கேள்வியைத்தான் கேட்டது. அதனால் பிசிக்ஸ் வரவில்லை என்று இனி அம்மாவிடம் புலம்பாதே.

ஒரு கணக்குத் தருகிறேன். வருஷத்துக்கு ஒரு சூரியன் எடை வாயு விழுந்து, அதில் 10 சதவீதம் சக்தியானால், எத்தனை சூரியன்களின் வெளிச்சம்? ஒன்றரை லட்சம் கோடியை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் வருஷத்தை நொடியாக மாற்ற மறந்திருப்பாய். போட்டுப் பார்த்து, பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவை மதுரைக்கு அழைத்துப்போய்க் காலைக் காட்ட ஞாயிறு இரவுக்குள் பணம் போட்டுவிடுகிறேன். கூட நீயும் போ.

அன்புடன்,
உன் அக்கா