நாற்பதாம் நம்பர் நூலும் வெள்ளைக் குட்டியும்

ராஜபாளையம் வட்டாரத்தில் நூல் வாங்க வருகிறவர் 'நல்ல நூலா கொடுங்க' என்று கேட்பதில்லை. 'நாப்பதாம் நம்பர் இருக்கா, அறுபது இருக்கா' என்றுதான் கேட்பார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தொழிலுக்குப் புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கொஞ்ச நாள் விழிப்பார்கள். கணக்கு சுலபம். 840 கஜம் நீளம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் தேறுகிறதோ, அத்தனையாம் நம்பர். நாற்பது என்றால் 33,600 கஜம். அரைக் கிலோவுக்கும் குறைவான பஞ்சில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பினாலும் நூல் மிச்சம் இருக்கும்.

மில்லின் பரிசோதனை அறையில் 'ரேப் ரீல்' என்று ஒரு சுழல் சட்டம் உண்டு. சுற்றளவு ஒன்றரைக் கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அதற்கு 'லீ' என்று பெயர். கழற்றித் தராசில் வைத்தால் நாற்பதாம் நம்பர் 1.62 கிராம் காட்ட வேண்டும். கூடினால் நூல் தடித்துவிட்டது, குறைந்தால் மெலிந்துவிட்டது. உடனே மெஷினைத் திருத்தியாக வேண்டும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலும் இதே 840 கஜம்தான். 1956-இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்தது. கடையில் கஜமும் பவுண்டும் போய்விட்டன. பஞ்சாலை மட்டும் அசையவில்லை. தராசு கிராமில் பேசுகிறது, நூல் இன்னும் இங்கிலாந்துக் கணக்கில் பேசுகிறது.

இதற்குத்தான் 'ஸ்டாண்டர்டு' என்ற சொல் பொருந்தும். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. போர்க்களத்தில் சிதறிய படை வந்து சேர்வதற்காக நட்டுவைத்த கொடிக்கு அந்தப் பெயர். அரசனின் கொடி நிற்கும் இடத்தில் அரசனின் அதிகாரம் நிற்கிறது. அவன் அங்கீகரித்த எடைக்கல்லுக்கும் அளவுகோலுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். 'மாடல்' வந்த வழி வேறு. லத்தீனில் 'மோதுஸ்' என்றால் அளவு, 'மோதுலுஸ்' என்றால் சின்ன அளவு. பெரிதாகக் கட்டப்போவதை முதலில் சின்னதாகச் செய்து பார்த்த இத்தாலியர்கள் அதை 'மொதெல்லோ' ஆக்கினார்கள். முதல் சொல்லில் ஆணை இருக்கிறது. இரண்டாவதில் சாயல்தான் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் கலந்தடித்தால் குற்றமில்லை. தொழிலில் கலந்தால் வம்பு.

சாயலில் எவ்வளவு நெகிழ்வு இருக்கிறது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணாந்து பார்த்தால் போதும். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம்தான் தமிழக அரசு முத்திரையில் இருப்பது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். முத்திரையை 1949-இல் வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை என்று மதுரைக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். நிலைகளை எண்ணி வழக்கை முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. நூலை அளப்பதுபோல அளந்து வரைய வேண்டிய கட்டாயம் ஓவியருக்கு எங்கே இருந்தது? வழக்கு நடக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை.

பால்கோவா கொஞ்சம் சிக்கலான விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் பூட்டி வைத்திருந்த, 1889 முதல் உலகத்துக்கே கிலோகிராமாக இருந்த பிளாட்டினம்-இரிடிய உருளை ஓய்வு பெற்றதும் அதே ஆண்டு மே 20-இல்தான். கிலோகிராமை இப்போது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கிறார்கள், உருளை தேவையில்லை. பால்கோவாவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. பாலும் சர்க்கரையும் என்று எழுதிவிடலாம், ஊரின் எல்லையையும் எழுதிவிடலாம். அடுப்பின் முன் நிற்கிறவர் அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்து, பால் சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்போது சட்டென்று இறக்குகிறாரே, அந்தப் பதத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? பெயரைக் காப்பாற்றச் சட்டம் வேண்டியதுதான். ருசியைக் காப்பாற்றுவது அவர் கை.

என் உண்மையான மனத்தாங்கல் நாய் பற்றியது. 'பேட்டர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் தகப்பன் இருக்கிறான். 'பேட்ரன்' என்ற புரவலர் வழியாக வந்து, பார்த்து நடக்க வேண்டிய முன்மாதிரி ஆனவன். நாய் வளர்ப்பில் இது அப்படியே நடக்கிறது: தகப்பன் நாய் எப்படியோ குட்டியும் அப்படி இருக்க வேண்டும். ராஜபாளையம் நாய் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் தபால்தலையில் வந்ததும் அந்த வெள்ளைதான். இந்த இனத்தில் வேறு நிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு. அவற்றை அசல் இல்லை என்று கழித்துவிடுவார்கள். காவலும் வேட்டையும் செய்த நாய் அது. வேலைக்கு நிறம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளையோடு வெள்ளையை, அதுவும் நெருங்கிய உறவுக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. காவல் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் அதை எதற்கு முன்மாதிரி என்பது? நூலுக்கு நம்பர் வைத்ததுபோல உயிருள்ள ஒன்றுக்கு நிறத்தை வைத்துவிட்டோம்.

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்கின் நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்று பாருங்கள்.