இருபத்தாறு நாள்



மார்ச் பிறந்துவிட்டால் நான் இருக்கும் கேரி நகரத்தில் வேறு பேச்சு கிடையாது. வட கரோலினாவில் பாஸ்கெட்பால் என்பது நம் பக்கத்து மாரியம்மன் திருவிழா மாதிரி. டூக் பல்கலைக்கழகம் ஒரு கரை, சாப்பல் ஹில்லில் உள்ள பல்கலைக்கழகம் எதிர்க்கரை. இரண்டுக்கும் நடுவில் சுமார் பத்து மைல்தான். ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகள் ஒரு கட்சி. நாடு முழுவதிலிருந்தும் 68 கல்லூரி அணிகள் வந்து ஆடும் போட்டி இந்த மாதத்தில்தான் நடக்கிறது. தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். கோயிலுக்குப் போனாலும் பிரசாத வரிசையில் இதே பேச்சு.

இந்த 2026ஆம் வருஷம் ஆட்டத்தைவிட ஆடுகிறவர்களின் வயதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். 2025 டிசம்பரில் டெக்சாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகம் ஜேம்ஸ் நாஜி என்ற நைஜீரிய இளைஞரை அணியில் சேர்த்தது. அவர் 2023இலேயே, அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் தேர்வில் 31ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். ஸ்பெயினில் பார்சிலோனா அணிக்குச் சம்பளம் வாங்கி ஆடியவர். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அவருக்கு நான்கு ஆண்டு ஆட அனுமதி கொடுத்துவிட்டது. பள்ளியை முடித்துவிட்டு வரும் பையனின் இடத்தை, தொழிலாக ஆடியவர் வந்து எடுத்துக்கொள்வதா என்று பெயர் பெற்ற கோச்சுகள் பலர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் நம் ஊர் ஆலத்தியூருக்குத்தான் போகிறது. என் அக்கா மகளை நினைத்துக்கொள்கிறேன். அவள் கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

1999இல் வீட்டில் பிறந்தவள் அவள். பேறு பார்த்தது தெருவில் இருந்த மருத்துவச்சி. எனக்கு அந்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரிசாவைப் பெரும்புயல் புரட்டிப்போட்ட வாரம் அது. ரேடியோவில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் எனக்குச் சேதி வந்தது. ஆக, அக்டோபர் கடைசி. ஆனால் அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 5.6.1999 என்று இருக்கிறது.

அந்த ஜூன் 5 எங்கிருந்து வந்தது என்று நம் ஊரில் யாரும் கேட்க மாட்டீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வலக்கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. அவளுக்குக் கை நீளம், தொட்டுவிட்டாள். தலைமையாசிரியர் ஐந்து நிறைகிற மாதிரி ஒரு தேதியை எழுதிக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பிள்ளையை இன்னும் ஒரு வருஷம் வீட்டில் விட்டால் ஆடு மேய்க்கப் போய்விடும் என்று பயந்து எழுதினார். எனக்கும் ஜூன் மாதம்தான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு மே அல்லது ஜூன்தான்.

பத்தாவது வரை அவள் பள்ளி பாஸ்கெட்பால் அணியில் ஆடினாள். மண் தரை. மழை பெய்தால் பந்து எழும்பாது, வெயிலடித்தால் புழுதி எழும்பும். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி வரைக்கும் போனாள். 2014இல் பத்தாவது முடித்ததும் அத்தான் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போயிற்று. நான்கு வருஷம் அவள் பள்ளிப் பக்கம் போகவில்லை. பருத்திக் காட்டில் பஞ்சு எடுத்தாள், மக்காச்சோளம் ஒடித்தாள், கடைசி வருஷம் ஒரு தையல் கடையில் உட்கார்ந்தாள். பிறகு தனித்தேர்வராகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ எழுதி 2020இல் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வருஷம் கொரோனா. வகுப்பே செல்போனில் நடந்தது, மைதானத்தின் கதவு பூட்டிக்கிடந்தது. இரண்டாம் வருஷம் பந்தைத் தொட்டவள் பிறகு விடவில்லை. சென்னைக்காரர் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியை எனக்கு அனுப்பி, “மாமா, இவங்க பத்தொம்போது வயசுல இந்தியா கேப்டன். நான் பத்தொம்போது வயசுல ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சிகிட்டு இருந்தேன்” என்று எழுதியிருந்தாள்.

மூன்று சீசன் ஆடினாள். எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில், 2024இல், பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு நடந்தபோது உடற்கல்வி இயக்குநர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் விதிப்படி, பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடுகிறவருக்கு ஜூலை 1ஆம் தேதியன்று 17 வயது ஆகியிருக்க வேண்டும், 25 நிறைந்திருக்கக் கூடாது. இவளுக்குக் காகிதத்தில் 25 நிறைந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. உண்மையில் அவளுக்கு அப்போது 24தான். 25 ஆக இன்னும் நான்கு மாதம் இருந்தது.

“மாமா, நான் பொறந்தது ஐப்பசியிலன்னு அம்மாயி சொல்லுது. அம்மாயிய கூட்டிட்டுப் போயி சொல்ல வச்சா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டாள். நான் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு பதில் இல்லாமல் நின்றேன். விசாரித்ததில், கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தேதியை மாற்றலாம், ஆனால் அதற்குள் உங்கள் பெண் படிப்பையே முடித்திருப்பாள் என்றார் அரியலூர் வக்கீல் ஒருவர். அவள் பிறந்தபோது ஆலத்தியூர் பெரம்பலூர் மாவட்டம். 2001இல் அரியலூர் மாவட்டம் என்றார்கள். 2002இல் திரும்பப் பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். அவள் ஆயுசுக்குள் மாவட்டத்தின் பெயரை மூன்று முறை மாற்றி எழுத முடிந்த நாட்டில், ஒரு பிள்ளையின் பிறந்த தேதியைச் சரியாக எழுத ஒரு சீசனுக்குள் வழி இல்லை.

இனி, 2026 மார்ச் நிலவரப்படி உள்ள அமெரிக்க விதியைச் சொல்கிறேன். என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் இவ்வளவு வயதுக்கு மேல் ஆடக் கூடாது என்ற கோடு இல்லை. கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம். பாஸ்கெட்பாலில் இன்னொரு கட்டு உண்டு. பள்ளி முடித்து ஒரு வருஷத்துக்குமேல் கல்லூரியில் சேராமல் வெளியே போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் சீசனைக் குறைக்கலாம். அதாவது அவர்கள் எண்ணுவது ஆடிய காலத்தை. ராணுவத்தில் இருந்த காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். மத ஊழியத்துக்குப் போன காலத்தையும் கழித்துவிடுகிறார்கள், யூட்டா மாநிலத்து மார்மன் பிள்ளைகள் இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்து 24, 25 வயதில் ஆடுவது அதனால்தான். கர்ப்பமான பெண்ணுக்கு ஒரு வருஷம் கூட்டிக் கொடுக்கலாம். கொரோனா வந்த 2020-21 சீசனை யாருடைய கணக்கிலும் சேர்க்கவில்லை. கிறிஸ் விங்கி என்பவர் ஆறு வருஷம் தொழில்முறை பேஸ்பால் ஆடிவிட்டுக் கல்லூரிக்கு வந்து, 2000ஆம் ஆண்டில் 28 வயதில், அமெரிக்கக் கால்பந்தின் மிகப் பெரிய கல்லூரி விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

இந்த ஏற்பாடு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காரணம் பணம். 2021 ஜூலையில், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கு சமரசத்தில் முடிந்து, கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்று வந்தது. முதல் வருஷத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு இரண்டு கோடியே ஐந்து லட்சம் டாலர். கல்லூரியில் இருப்பதே வருமானம் என்றால் யார் வெளியே போவார்கள்? வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பாவியா, இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடியதை என் கணக்கில் சேர்க்காதே என்று வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் தடையாணை வாங்கினார். அதன்பின் ஊருக்கு ஒரு வழக்கு. வசதியுள்ளவன் வக்கீல் வைத்து ஒரு வருஷம் வாங்கிக்கொள்கிறான். இது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊருக்கு இது வரக் கூடாது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகச் சங்கம் வயதுக்குக் கோடு போட்டதும் காரணமில்லாமல் இல்லை. ஒரு பட்டயம் முடிந்ததும் இன்னொரு பட்டயம் என்று அணிக்காகவே சேர்ந்துகொண்டிருந்த ஆட்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். என் காலத்தில் கல்லூரிகளுக்கு இடையேயான ஒரு ஆட்டத்தில் எதிரணியில் நின்றவருக்கு இரண்டு குழந்தைகள். நான் முதல் வருஷப் பையன், ரீபவுண்டுக்குத் தாவும்போது அவர் தோள் பட்டு நெற்றியில் நான்கு தையல். உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் முன்பு 28 வரை விட்டார்கள், 2019 நேப்பிள்ஸ் போட்டியிலிருந்து 25 ஆகக் குறைத்தார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் கோப்பையிலும் கல்லூரிப் பிரிவு 17இலிருந்து 25 வரைதான். பெரியவர்களைச் சின்னவர்களோடு மோதவிடக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் அதே சங்கத்தின் விதியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கல்லூரியில் சேரத் தகுதியான தேர்வை எழுதித் தேறிய நாளிலிருந்து எட்டு ஆண்டுக்குமேல் ஆகியிருக்கக் கூடாது என்கிறது அது. முழுநேர வேலையில் இருப்பவரும் ஆட முடியாது. பட்டயத்துக்குப் பட்டயம் தாவுகிறவரை நிறுத்த இந்த இரண்டும் போதுமே! எட்டாண்டுக் கணக்கில் என் அக்கா மகள் நான்கைத்தான் செலவழித்திருந்தாள். அவளை வெளியே தள்ளியது பிறந்த தேதிக் கணக்கு மட்டும்தான். பள்ளிக்கு வெளியே உழைத்த நான்கு வருஷத்தையும் அவள் ஆடிய வருஷமாக அது எண்ணிவிட்டது. தடையில்லாமல் படித்த பிள்ளை 22 வயதில் எம்.ஏ. முடிக்கும், அதற்கு 25 என்ற கோடு கண்ணிலேயே படாது. அந்தக் கோட்டில் வந்து முட்டுவது நடுவில் வேலைக்குப் போனவர்களும், நோயில் கிடந்தவர்களும், கல்யாணம் செய்து கொடுக்கப்பட்டுப் பிறகு படிக்க வந்த பெண்களும்தான்.

வயதைச் சோதித்துப் பார்க்கலாமே என்பார்கள். சிறுவர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். டி.டபிள்யூ.3 என்பது அந்த முறையின் பெயர். எலும்பு வளர்ந்து மூடிக்கொண்டபின், ஏறக்குறைய 16, 17 வயதுக்குமேல், அது எதையும் சொல்லாது. 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எக்ஸ்ரே கிடையாது. நம் மண்ணில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது கிடைக்கிற சிப்பியைப் பார்த்து, இது இத்தனை கோடி ஆண்டுக்கு முந்தைய கடல் என்று சொல்லிவிடுகிறார்கள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள், அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். உயிரோடு எதிரே நிற்கிற பெண்ணின் வயதுக்குத் தலைமையாசிரியர் எழுதிய ஒரு வரிதான் சாட்சி.

அவள் இழந்தது ஒரு கோப்பையை மட்டும் அல்ல. பல்கலைக்கழக அணியில் ஆடி இடம் பிடித்த சான்றிதழ் இருந்தால் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. தெற்கு ரயில்வே மகளிர் அணியில் ஆடத்தான் அவள் ஆசைப்பட்டாள். அந்தக் கடைசி சீசனில் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போயிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்குமா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முயன்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்குச் சேர வேண்டியது.

பல்கலைக்கழகச் சங்கத்தாரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. எட்டாண்டுக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், 25 என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிப் படிப்பு நடுவில் நின்றது என்று மாற்றுச் சான்றிதழும் தனித்தேர்வர் மதிப்பெண் பட்டியலும் காட்டுகிறவருக்கு, நின்ற வருஷங்களில் இரண்டையாவது திருப்பிக் கொடுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு வருஷம் கூட்டிக் கொடுங்கள். அமெரிக்காவில் வக்கீல் வைத்து வாங்குவதை நம் நாட்டில் ஒரு படிவத்தில் எழுதி வாங்கும்படி செய்யுங்கள்.

அவள் இப்போது செந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாஸ்கெட்பால் சொல்லிக் கொடுக்கிறாள். போன வாரம் பேசியபோது, ஏழாவது படிக்கிற இரண்டு பெண்களைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். அவர்கள் இருவருக்கும் ஜூன் மாதம்தானாம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்குச் சான்று என்று சட்டம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வர 2041 ஆகும். அதுவரைக்கும் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். ஆகவே ஆலத்தியூரிலும் சுற்றுப்பட்டிலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குச் சொல்கிறேன். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு முன்னால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். அது இல்லையென்றால் இந்த மாதமே தாலுகா அலுவலகத்தில் கேட்டு, அதை வாங்குகிற வேலையைத் தொடங்குங்கள்.