வெந்நீர்ப் பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை

ஐஸ்லாந்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எரிமலை பார்த்தீங்களா?" என்பதுதான். இல்லை. நான் ஆசை ஆசையாகப் போய்ப் பார்த்தது ஒரு துணி துவைக்கும் துறையை! சிரிக்காதீர்கள். வீட்டுக்காரிக்கு வேறு எதில் மனசு போகும்?

கோபன்ஹேகனில் இருக்கும் என் மகளோடு செப்டம்பரில் ஒரு வாரம் போயிருந்தேன். விமானத்தில் மூன்று மணி நேரம். தலைநகர் ரெய்க்யவிக்கில் லோய்கர்தாலூர் என்று ஒரு பகுதி. நம் பாஷையில் வெந்நீர்ப் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பூமிக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றுநீர் வந்த இடம். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் அழுக்குமூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, பனியிலும் காற்றிலும் மூன்று கிலோமீட்டர் நடந்து இங்கே வந்துதான் துவைப்பார்களாம். கொதிநீரில் தவறி விழுந்து செத்தவர்களும் உண்டு. அதற்கப்புறம்தான் மேலே இரும்புக் கிராதி பொருத்தினார்கள்.

அந்தக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோவில்பட்டியில் இருக்கும் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. காரணம், துணிதான். நான் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால், பிளஸ் ஒன் படிக்கும் மகனுடைய பேண்ட்டைத் துவைக்கப் போட்டபோது, பையில் காசு கீசு இருக்கிறதா என்று துழாவியிருக்கிறாள். கையில் வந்தது, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலம். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணி அழுதாள். "யார்ட்டயும் மூச்சு விட்ராதக்கா. அத்தானுக்குக்கூடத் தெரிய வேண்டாம். இவருக்கே நான் சொல்லல. நாலு பேருக்குத் தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகும்?" நானும் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தப் பொட்டலம் என் நெஞ்சிலேயும் ஒதுங்கிக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தங்கியது மகளுடைய தோழி வீட்டில். பதினாலு வயதில் ஒரு பெண், பதினொரு வயதில் ஒரு பையன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்! பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் என்று பெரும்பாலோருக்குக் கிடையாது, அப்பா பெயர்தான், நம் இனிஷியல் மாதிரி. கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போர்த்தி அந்தக் குளிரில் வெளியே தூங்க வைக்கிறார்கள். நம்மூர்ப் பாட்டிமார் பார்த்தால் மயக்கம் போட்டுவிடுவார்கள்.

அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பள்ளிக்கூட டைம்டேபிளாக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகள் வெளியே இருக்கலாகாத நேரமாம். பன்னிரண்டு வயது வரை இரவு எட்டு மணிக்கு மேல் பெரியவர்கள் துணையில்லாமல் வெளியே இருக்கக்கூடாது. பதின்மூன்று முதல் பதினாறு வரை பத்து மணி. மே முதல் ஆகஸ்ட் வரை, ராத்திரியிலும் வெளிச்சம் இருக்கும் மாதங்களில், இரண்டு மணி நேரம் சலுகை. இது அம்மா போட்ட சட்டமில்லை, தேசத்துச் சட்டம். எட்டடிக்க ஐந்து நிமிஷத்தில் பையன் சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் சிறுமியாக இருந்தபோதும் இப்படித்தானா?" என்று கேட்டேன். தோழி சிரித்துவிட்டாள். 1997-ல் அவளுக்குப் பதினைந்து வயது. வெள்ளிக்கிழமை ராத்திரி நகரத்தின் மையத் தெருக்களில் குடித்துவிட்டுக் கத்தும் பிள்ளைகளைத் தாண்டிப் போகவே பெரியவர்கள் பயப்படுவார்களாம். "அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் அம்மா மட்டும் 'நம்ம பொண்ணு அப்படியில்லை' என்று நம்பிக்கொண்டிருந்தாள்," என்றாள்.

அவள் சொன்னது மிகையில்லை. 1998-ல் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர், போன மாதத்தில் ஒரு தடவையாவது போதையேறக் குடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தினம் சிகரெட் பிடித்தவர்கள் நூற்றுக்கு 23. கஞ்சா தொட்டுப் பார்த்தவர்கள் 17. 'குடிக்காதே, கெட்டுப்போவாய்' என்று பள்ளியில் பாடம் நடத்தியும் பார்த்தார்கள். பிள்ளைகள் காதில் ஏறவில்லை. அப்புறம் ஆராய்ச்சிக்காரர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். குடிக்காத பிள்ளை ஏன் குடிக்கவில்லை? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிப் பள்ளி பள்ளியாகப் பதில் வாங்கிப் பார்த்தால், விடை நம் பாட்டி சொல்கிற மாதிரியே இருந்தது. அந்தப் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாலு நாளாவது ஒழுங்காக ஒரு விளையாட்டோ பாட்டோ கற்றார்கள். பெற்றோருடன் அதிக நேரம் இருந்தார்கள். பள்ளியில் தம்மேல் அக்கறை இருப்பதாக உணர்ந்தார்கள். ராத்திரி நேரங்கழித்துச் சுற்றவில்லை.

பெற்றோருடன் நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் பீச்சுக்குக் கூட்டிப்போவது இல்லை. சும்மா, ஒரே கூரையின் கீழே, தினமும். அடுப்படியில் நாம் காய் நறுக்க, பக்கத்தில் அது ஹோம்வொர்க் எழுதுகிறதே, அந்த நேரம்தான். இதற்கு இவ்வளவு மதிப்பு உண்டென்று தெரியாமலே நாம் "போய் ரூம்ல உக்காந்து படி" என்று விரட்டுகிறோம்!

பதில் கிடைத்ததோடு நிற்காமல் காரியத்தில் இறங்கினார்கள். மேஜராகும் வயதைப் பதினாறிலிருந்து பதினெட்டாக்கினார்கள். பதினெட்டு வரை சிகரெட் கிடையாது, இருபது வரை மது கிடையாது. விளம்பரங்களுக்குத் தடை. விளையாட்டு, சங்கீதம், நடனம் கற்க ஊருக்கு ஊர் இடமும் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களும். ரெய்க்யவிக்கில் ஆறு வயது முதல் பதினெட்டு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் செலவுக்கென்று நகராட்சியே வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குகிறது. நான் பார்த்த வெந்நீர்ப் பள்ளத்தாக்கு முழுக்க இப்போது மைதானங்கள், உள்ளரங்கம், பெரிய வெந்நீர் நீச்சல் குளம். (குளத்தில் இறங்குமுன் பெண்கள் அறையில் ஒட்டுத்துணி இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்கிறார்கள். நான் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்!) 2016-ல் அந்த 42 வெறும் 5 ஆகிவிட்டது. சிகரெட் 3, கஞ்சா 7.

ஆனால் இதெல்லாம் பணமும் சட்டமும் செய்த வேலை. நாலு லட்சம் ஜனங்கூட இல்லாத நாட்டில் முடியும், நமக்கெங்கே என்றுதான் எனக்கும் தோன்றியது. வெள்ளிக்கிழமை ராத்திரி தோழி, "வருகிறீர்களா?" என்று கூப்பிடும் வரை.

ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஆறு பேர் கூடினார்கள். எல்லோரும் பெற்றோர். மேலே வெளிச்சம் பட்டால் மினுங்கும் மஞ்சள் சட்டை, பிளாஸ்கில் காப்பி. ஸ்வெட்டரும் மப்ளருமாய் ஏழாவதாக நான். காற்றென்றால் காற்று, ஆளைத் தூக்கிவிடும்! இரண்டு மணி நேரம் தெருத் தெருவாக நடந்தோம். யாரையும் பிடிப்பதில்லை, அதட்டுவதில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "என்ன சேதி?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் அதுகளே எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தன.

எனக்கு வியப்பாக இருந்தது பிள்ளைகள் இல்லை. நடந்துகொண்டே இந்தப் பெற்றோர் பேசிய பேச்சு! "என் மகன் ரெண்டு வாரமாக முகங்கொடுத்துப் பேசவில்லை, உன் மகனிடம் ஏதாவது சொன்னானா?" என்று ஓர் அப்பா வெட்கமில்லாமல் கேட்கிறார். இன்னொருத்தி, தன் பெண்ணின் புத்தகப்பையில் இருந்ததாகச் சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். விளக்குக் கம்பத்தடியில் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உதட்டுக்கடியில் வைக்கும் சின்னப் பை. நிகோடின். இப்போது அங்கே புதுத் தலைவலி அதுதானாம்.

எனக்குக் கால் ஓடவில்லை. தங்கை புடவைத் தலைப்பில் முடிந்து ஒளித்து வைத்ததை இங்கே ஒருத்தி தெருவிளக்கில் நீட்டுகிறாள்! யாரும் 'ஐயோ பாவம்' என்கிற முகம் காட்டவில்லை. யார் விற்றிருப்பார்கள், வேறு யார் பையில் இருக்கும் என்றுதான் பேசினார்கள். அந்த நாலு பேருக்குத் தெரிந்ததால் அவள் மானம் போனதாகத் தெரியவில்லை.

ஐஸ்லாந்து சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர்கள் குடிக்கிறார்கள். அந்த வருஷங்களில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பிள்ளைகளின் குடி குறையத்தான் செய்தது; எல்லாப் பெருமையும் இந்த நடைக்கே என்று சொல்லிவிட முடியாது. சட்டத்தைப் பார்த்தால் நம்மிடமும் குறைவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புகையிலை விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் கடையே வைக்கக்கூடாது. சிறுவனுக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015-ஆம் வருஷச் சட்டப்படி ஏழு வருஷம் வரை சிறை. 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் பழக்கத்திலிருந்து மீள வழி சொல்கிறார்கள். தங்கைக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. அவள் மகன் யாரோடு சுற்றுகிறானோ, அந்தப் பையனுடைய அம்மாவிடம் பேசத்தான் நாக்கு எழவில்லை.

ஊர் திரும்பியதும் கோவில்பட்டிக்குப் போனேன். "உனக்கென்னக்கா, ஊர் சுத்திட்டு வந்து பேசுவே," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சத்தியத்தை மீறவும் எனக்கு மனசில்லை. அந்த மூன்று நாளும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. புறப்படும்போதுதான் கேட்டேன், "அவன் ஹாக்கி ஆடிட்டிருந்தானே, என்ன ஆச்சு?" கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு ஹாக்கி சொல்லித்தர வேண்டுமா? "பிளஸ் ஒன் வந்தாச்சு, டியூஷன் இருக்குன்னு நாந்தான் மட்டையத் தூக்கிப் பரண்ல போட்டேன்," என்றாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள்.

பத்து நாள் கழித்து அவளே போன் பண்ணினாள். முதலில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கத்துவார் என்று பயந்தாளே, அவர் வாயே திறக்காமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். மறுநாள் சாயங்காலம் அந்தச் சினேகிதன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழை, வெயில் என்று பேசிவிட்டு, கடைசியில் போட்டு உடைத்துவிட்டாள். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாளாம். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அதே மாதிரிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாளாம்.

"மூணு மாசமா ஒளிச்சு வச்சிருக்காக்கா, என்னய மாதிரியே. ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில போய்க் கேக்கணும்னு இருக்கோம். இன்னும் ரெண்டு வீட்டுலயும் சொல்லணும்."

"அவன் எப்படி இருக்கான்?"

"எங்கிட்ட இன்னும் பேசல. மட்டையத் துடைச்சுக் கதவோரத்துல சாத்தி வச்சிருக்கேன். பாத்துட்டுப் பாத்துட்டுப் போறான்."