பெயர் தவறலாம், குறிப்பு தவறக் கூடாது

தாவரவியல் துறையில் பிஎச்.டி. சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "தலைப்பு என்ன, எத்தனை கட்டுரை வெளியிட வேண்டும்?" என்பதைத்தான். உதவித்தொகைக்கும் பட்டத்துக்கும் காலக்கெடு இருக்கையில் அந்தக் கவலை நியாயமானதே. ஆனாலும் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதல் வாரத்திலேயே உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்துக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள். ஆய்வுக்கு வேண்டிய குணத்தை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

கொல்லிமலையிலோ சிறுமலையிலோ பூவும் காயுமாக ஒரு கிளையை எடுத்து, எண் எழுதிய சீட்டைக் கட்டி, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்துகிறோம். ஈரத்தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததைத் தாளில் ஒட்டி, லேபிள் இட்டு ஹெர்பேரியத்தில் வைக்கிறோம். காய்ந்த பிறகு பூவின் நிறம் மங்கும், மணம் போய்விடும். மரம் எவ்வளவு உயரம், கிளையை ஒடித்ததும் பால் வடிந்ததா என்பதெல்லாம் தாளைப் பார்த்தால் தெரியாது. ஆகவே அவற்றை நின்ற இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். மழை தூறினாலும் கால் கடுத்தாலும், அறைக்குத் திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

செடிக்கு நாம் எழுதும் பெயர் தவறாகப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னால் வரும் அறிஞர் அது வேறு இனம் என்று கண்டால், பழைய லேபிளைக் கிழிப்பதில்லை. சிறு சீட்டில் சரியான பெயரை எழுதி, தம் பெயரையும் ஆண்டையும் இட்டு, அதே தாளில் ஒட்டுகிறார். முதலில் சேகரித்தவர் இடத்தையும் நாளையும் உண்மையாகப் பதிந்திருந்தால், அந்தத் தாள் எத்தனை திருத்தங்களையும் தாங்கும். இடமே பொய்யென்றால் எந்த மேதையாலும் அதை மீட்க முடியாது.

ஜே.எஸ். கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய நூலை 1915-இல் வெளியிடத் தொடங்கினார். 1925-இல் அவர் மறைந்தபின் சி.இ.சி. ஃபிஷர் தொடர்ந்து 1936-இல் முடித்தார். இங்கிலாந்தில் இருந்துகொண்டு அவர்களால் அதை எழுத முடிந்ததென்றால், இங்கே மலையேறிச் சேகரித்தவர்களின் மாதிரிகளும் குறிப்புகளும் அவர்களுக்குக் கிடைத்ததே காரணம். முன்பின் அறியாதவரின் சொல்லை நம்பித்தான் அறிவு வளர்கிறது.

எனவே பிள்ளைகளே, நெறியாளர் உங்கள் அத்தியாயத்தைச் சிவப்பு மையால் திருத்தித் தந்தால் மனம் உடையாதீர்கள். இனம் எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள். வீட்டிலும் வெளியிலும்கூட, நம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். நடந்ததை மாற்றிச் சொல்லக் கூடாது. ஆய்வேட்டுக்குச் சாதகமாக ஓர் எண்ணை மட்டும் திருத்தலாமே என்று தோன்றும் நாள் உங்களுக்கும் வரும். அன்று அந்த எண்ணை அப்படியே விட்டுவைப்பவரே ஆய்வாளர். பட்டம் ஓர் ஆண்டு பிந்தி வந்தாலும் வரட்டும்.