போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு

தனியாக ஊர் பார்க்கக் கிளம்பும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். அதையும் சொல்வதுண்டு. ஆனால் முதலில் நான் கேட்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆகிவிட்டால், தயங்காமல் நீ கூப்பிடக்கூடிய ஆள் வீட்டில் யார்? பலருக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்வார்கள். அம்மா, அப்பா, கணவர் என்று சொல்பவர்கள் குறைவு.

வியன்னாவில் இடா ஃபைஃபர் என்று ஒரு பெண்மணி இருந்தார். சிறு வயதிலிருந்தே உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம். தன்னைவிட 24 வயது மூத்த வழக்கறிஞருக்கு வாழ்க்கைப்பட்டு, வறுமையைச் சமாளித்து, இரண்டு மகன்களை ஆளாக்கினார். 1842-ல், 44 வயதில், உயில் எழுதி வைத்துவிட்டு டான்யூப் நதியில் கப்பலேறினார். போக நினைத்தது ஜெருசலேமுக்கு. உறவினர்களிடம் சொன்னதோ, கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று. திரும்பி வந்து எழுதிய புத்தகம் தந்த பணத்தில் ஐஸ்லாந்து போனார். பிறகு உலகத்தையே இரண்டு முறை சுற்றினார். 1847-ல் இலங்கையைப் பார்த்துவிட்டு, சென்னையையும் தொட்டுக்கொண்டு கல்கத்தா போனார். பெர்லின் புவியியல் சங்கம் அவரை கௌரவ உறுப்பினராக்கியது. லண்டன் சங்கம் பெண் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவருடைய துணிச்சலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் மனம் அந்தத் தோழி வீட்டுப் பொய்யிலேயே நின்றுவிடுகிறது. வழியில் அவர் நோயில் விழுந்திருந்தால் வீட்டார் கான்ஸ்டான்டிநோபிளில் அல்லவா தேடியிருப்பார்கள்? இன்றைக்கும் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு ஹம்பிக்குப் போகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையைச் சொன்னால் விடமாட்டார்கள் என்ற நிலைமைமேல்தான் கோபம்.

வேலைக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு என்று ஒரு பெண் எவ்வளவு தூரம் போனாலும் வீடு தாங்கிக்கொள்கிறது. மார்கழியிலும் தையிலும் செவ்வாடை உடுத்தி, மேல்மருவத்தூருக்கு பஸ் பஸ்ஸாகப் போகும் பெண்களைப் பாருங்கள். வழியெல்லாம் பாட்டு, சிரிப்பு, ரோட்டோரத்தில் சமையல். அதில் பக்தி எவ்வளவு உண்டோ அவ்வளவு விடுதலையும் உண்டு. இடா ஃபைஃபரும் முதலில் தேர்ந்தெடுத்தது புனிதத் தலத்தைத்தானே. ஆனால், 'பார்க்கணும்போல இருக்கு, போயிட்டு வர்றேன்' என்று மட்டும் ஒரு பெண் சொன்னால், 'துணைக்கு யாரு?' என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது.

கேட்பவர்களின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அதை அவர்கள் காட்டுகிற விதம்தான் பெண்ணை இன்னும் ஆபத்தில் தள்ளுகிறது. பையைப் பறிகொடுத்து நிற்கிறாள், விடுதிக்காரர் நடந்துகொள்வது சரியாகப் படவில்லை, காய்ச்சல் கொதிக்கிறது. வீட்டுக்குப் போன் செய்தால் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற பேச்சு வரும்; அடுத்த பயணம் என்பதே இருக்காது. அதனால் அவள் கூப்பிடுவதில்லை. 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று வாசலில் நின்று சொல்கிற ஒவ்வொருவரும், அந்தப் போன் கெட்ட செய்தியோடு வந்தால் என்ன பேசுவோம் என்பதையும் யோசித்து வைத்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பணம் போடட்டுமா? அந்த நேரத்துக்கு இந்த மூன்று கேள்வி போதும். திட்டுவதாக இருந்தால் அவள் பத்திரமாக வந்த பிறகு திட்டிக்கொள்ளலாம். திட்டாமலே இருந்தால் இன்னும் நல்லது.

நம் பெண்களிடமே ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்கும் கணவருக்கும் செலவழிக்கத் தயங்காத கை, தனக்கென்று வரும்போது சுருங்கிவிடுகிறது. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, இருட்டுக்குள் போய் இறங்குகிற பஸ்ஸில் ஏறுவார்கள். ஆட்டோவுக்குக் கொடுக்க மனமில்லாமல் தெரியாத தெருவில் நடப்பார்கள். புது ஊரில் பகலில் போய் இறங்குவதற்கும் முதல் ராத்திரிக்கு நல்ல அறை எடுப்பதற்கும் ஆகும் செலவை, டிக்கெட் பணத்தோடு சேர்த்து முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் ஊர் பிடிபட்ட பிறகு சிக்கனமாக இருந்துகொள்ளலாம். பணத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். நாப்கினையும் மாத்திரையையும் கைப்பையில் வையுங்கள். கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139-ஆவது பிரிவின்படி, ஆண் துணையில்லாமல் வரும் பெண்ணிடம் டிக்கெட் இல்லாவிட்டாலும் அவளை நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. அவள் பயணத்தைத் தொடங்கிய நிலையம், ரயில் முடியும் இடம், ஜங்ஷன், மாவட்டத் தலைநகர் போன்ற நிலையத்தில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். ரயில் உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணும் 139-தான். அவசரத்துக்கு 112, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அதே எண். நீண்டதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு படுக்கைகள் உண்டு. தனியாகப் போகிறவளும் கேட்டு வாங்கலாம்.

'பொறுப்பெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு நான் சொல்லும் கதை டெர்வ்லா மர்ஃபியுடையது. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் அட்லஸும் கிடைக்க, இந்தியாவுக்குச் சைக்கிளிலேயே போவது என்று அப்போதே முடிவெடுத்தார். 14 வயதில் படிப்பை நிறுத்தி, மூட்டுவாதத்தால் முடங்கிய அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளிலும் சில வாரங்கள் கிடைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் சுற்றிவிட்டு வருவார். 1962-ல் அம்மா இறந்தார். 1963 ஜனவரியில், கடும் குளிரில், இவர் இந்தியாவை நோக்கிக் கிளம்பிவிட்டார். வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சில வாரங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவற்றை அவர் வீணாக்கியிருந்தால் கால்கள் 31 வயதில் புதிதாகப் பழக வேண்டியிருந்திருக்கும்.

பிறகு மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஐந்து வயதானதும் அவளையும் அழைத்துக்கொண்டு தென்னிந்தியாவுக்கு வந்து குடகில் தங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1976-ல் வெளியானது. சின்னக் குழந்தையோடு போனால் ஒரு நாளில் பார்க்கிற இடம் பாதியாகிவிடும். ஆனால் தனியாகப் போகிறவளிடம் பேசத் தயங்குகிற பெண்களெல்லாம் குழந்தையோடு வருபவளிடம் தாங்களாகவே வந்து உட்கார்வார்கள். சாப்பிட்டீங்களா என்பார்கள், வீட்டுக்குள் கூப்பிடுவார்கள். பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்கும் அம்மாக்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே மைசூருக்கோ தரங்கம்பாடிக்கோ கூட்டிக்கொண்டு கிளம்பலாம். ரயிலுக்கு முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது.