ஈர விறகும் எரிஉலையும்

ஈர விறகை அடுப்புல வெச்சு, ஊதாங்குழலோட கண் எரிய எரியப் போராடின யாராவது 1987-ல தில்லி திமார்ப்பூர்ல இருந்திருந்தா, அரசாங்கத்துக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகியிருக்கும். எனக்கு அடிக்கடி தோணும்.

விஷயம் இதுதான். மத்திய அரசு செலவுல அங்கே ஒரு எரிஉலை கட்டினாங்க. டென்மார்க் கம்பெனியோட தொழில்நுட்பம். தினமும் 300 டன் குப்பையை எரிச்சு 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்கறதா திட்டம். ஓடினது 21 நாள்! (தப்பா அடிக்கலை மக்களே, இருபத்தோரு நாள்தான்.)

மெஷின் மேல தப்பில்லை. கிலோவுக்கு 1460 கிலோகலோரி சொச்சம் வெப்பம் தர்ற குப்பைக்குன்னு வடிவமைச்சது அது. தில்லிக் குப்பையில இருந்ததோ 600, 700. நம்ம ஊர் குப்பையில காகிதமும் அட்டையும் பழைய பேப்பர்காரர் கைக்குப் போயிடும். மிச்சம் என்ன? காய்கறித் தோல், ஊசிப்போன சாம்பார், மண்ணு. பாதி எடை தண்ணி. ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்கவே சுமார் 600 கிலோகலோரி வேணும். அப்புறம் மின்சாரம் எங்கேருந்து வரும்?

இதை எங்க அம்மாகிட்ட சொன்னேன். "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மூட்டை குப்பையை எரிச்சுப் பாக்கலையாடா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

இதோட நிக்கலை. அப்புறமும் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கற திட்டங்களுக்கு மானியம் போயிட்டே இருந்தது. அல்மித்ரா படேல் 1996-ல போட்ட பொதுநல வழக்குல, 2005-ல உச்சநீதிமன்றம் புது மானியங்களை நிறுத்தி வெச்சது. 2007-ல அஞ்சு சோதனைத் திட்டங்களுக்கு மட்டும் அனுமதி. 2016 விதிகள்ல, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பை 1500 கிலோகலோரிக்கு மேல இருந்தா குழியில போடாம எரிசக்திக்குப் பயன்படுத்தணும்னு எழுதினாங்க. திமார்ப்பூர் கணக்கு எழுத்துல வர 29 வருஷம்!

புதுத் தொழில்நுட்பத்துக்கு அரசு பணம் போடறது தப்புன்னு நான் சொல்லலை. தனியார் தனியா இறங்கப் பயப்படற இடம் அது, அரசு கை கொடுக்கத்தான் வேணும். ஆனா கட்டி முடிச்சதுக்குக் கொடுக்கறதா, இத்தனை டன் குப்பை தீர்ந்ததுன்னு எடை போட்டுக் கொடுக்கறதா? முதல் வகையில ரிப்பன் வெட்டின அன்னிக்கே எல்லார் வேலையும் முடிஞ்சுடுது.

இன்னொண்ணு. உலை எரியணும்னா குப்பை பிரிஞ்சு வரணும். அதுக்குத் தேவை புது மெஷின் இல்லை, கூடுதல் ஆள், ஒழுங்கான சம்பளம், ரெண்டு தடுப்பு வெச்ச வண்டி. எங்க அபார்ட்மெண்ட்ல 12 வீடு, பிரிச்சுப் போடறது நாலு. மத்த எட்டு வீட்டுக் குப்பையை வண்டி பக்கத்துல நின்னுக்கிட்டு வெறுங்கையால பிரிக்கறது தூய்மைப் பணியாளர் அக்காதான். அவங்க செய்யற அந்த வேலையில எந்தக் கம்பெனிக்கும் காப்புரிமை இல்லை, அதனால திட்ட அறிக்கையில ரெண்டு வரி கிடைச்சாலே அதிகம்.

கொடுங்கையூர்ல எரிஉலை வேண்டாம்னு 2025-ல வடசென்னை ஜனங்க மனிதச் சங்கிலியா நின்னாங்க. அவங்க பயம் புகையைப் பத்தி, நியாயமான பயம். எனக்குக் கூடவே ஒரு சின்னக் கேள்வி: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ஊறின நம்ம சென்னைக் குப்பைக்கு எத்தனை கிலோகலோரி?