தொப்பூர் மேட்டில் ஒரு சத்தம்

திங்கள், இரவு

டிரைவர் தம்பி தொப்பூரிலிருந்து கூப்பிட்டான். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பிய பன்னிரண்டு சக்கர வண்டி. "மேடு ஏறறப்ப உஸ்ஸுன்னு சத்தம் வருதுங்ணா. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பின்னால ஒரே கரும்புகை."

"ஓமலூர்ல வந்துச்சா?"

"இல்லீங்ணா, சமதரையில ஒண்ணுமில்ல. ஓரங்கட்டி நியூட்ரல்ல ரைஸ் பண்ணியும் பாத்துட்டேன். சத்தமே இல்ல."

நல்ல பையன். எங்கிருந்து சத்தம் என்று குழம்பாமல், எப்போது வருகிறது என்று பார்த்துச் சொன்னானே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. லோடோடு நாமக்கல்லுக்கே திருப்பி ஓட்டி வரச் சொன்னேன். டீசல் தண்டம்தான். கிருஷ்ணகிரி தாண்டி எங்கேயாவது நின்றால் அதைவிடத் தண்டம்.

செவ்வாய்

நாமக்கல்லில் லாரியைப் பட்டறையில் விட்டால் டீக்கடை வரைக்கும் வைத்தியர்கள்தான். டேங்கர் லாரிக்காரர் ஒருவர் டர்போ போச்சு என்றார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி மெக்கானிக் மேனிபோல்டு கேஸ்கட் என்று சத்தியம் செய்தார். ரீகண்டிஷன் டர்போ வாங்கித்தர இன்னொருவர் தயாராக இருந்தார்.

பட்டறை மேஸ்திரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. முதலில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஏர் மீட்டரைப் பார்த்தார். லாரியில் 'உஸ்' என்று வருவதில் முக்கால்வாசி பிரேக் காற்றுதான்; அது இன்ஜின் ஓடாதபோதும் கசியும். முள் எட்டு கிலோவிலேயே நின்றது. அடுத்து மேனிபோல்டு. அங்கே கசிந்தால் கேஸ்கட் ஓரம் கரி படிந்திருக்கும். சத்தமும் காலையில் குளிர்ந்த இன்ஜினில்தான் கூடுதலாக இருக்கும், சூடேறி இரும்பு விரிந்ததும் குறையும். கரியே இல்லை. டர்போவின் குழாயைக் கழற்றி விரலை விட்டு ஷாஃப்ட்டை ஆட்டினார். பக்கவாட்டில் துளி அசைவு, முன்னும் பின்னும் அசைவே இல்லை. "டர்போ நல்லாருக்குங்க தம்பி. காசை எடுத்து உள்ள வைங்க."

புதன்

புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூட்டையும் வேகத்தையும் வைத்தே இன்ஜினுக்குக் காற்றை அமுக்கலாம் என்று சுவிஸ் இன்ஜினியர் ஆல்பிரட் பூஹி காப்புரிமை கேட்டது 1905-ல். அதுதான் டர்போ. இன்று டீசல் லாரிகளில் அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குப் பக்கமாகச் சுழல்கிறது. ஆனால் லோடு இழுத்து, டீசல் நிறைய எரிந்தால்தான் அதற்குத் தெம்பு. நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. சும்மா நிற்கும் வண்டியில் சத்தத்தைத் தேடி ஏமாறுவது இதனால்தான். கரும்புகைக்கும் காற்றுதான் கணக்கு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய பதினாலரை கிலோ காற்றாவது வேண்டும். என் வண்டி பழைய பிஎஸ்-3. காற்று வழியில் ஒழுகிப் போனாலும் பம்ப் அதற்கேற்ற அளவுக்கு டீசலைக் குறைக்காது. எரியாத மிச்சம் கரியாகப் போகிறது. பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் சென்சார் கண்டுபிடித்து, டீசலைக் குறைத்து, டேஷ்போர்டில் விளக்கைப் போட்டிருக்கும்.

மேஸ்திரி லேத்தில் ஒரு அடைப்பான் கடைந்து வாங்கி வந்தார், நடுவில் டியூப் வால்வு வைத்து. டர்போ வாயில் அதைப் பொருத்தி, கம்ப்ரசரிலிருந்து ஒண்ணரை கிலோவுக்கு மேல் போகாமல் காற்று ஏற்றினார். குழாய், கிளிப், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணியை அடித்தோம். ஒரு குமிழிகூட இல்லை.

எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்து இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, மீன் செவுள் மாதிரி ஒரு கீறல் திறந்தது. சோப்பு நுரை பொங்கி வழிந்தது. கடப்பாரையை விட்டதும் மூடிக்கொண்டது.

மேட்டில் நடப்பதும் இதுதான். கிராங்க் ஒரு பக்கம் சுற்ற, பிளாக் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு எழும்பும். இன்டர்கூலர் முன்னால் ரேடியேட்டரோடு சேஸில் கட்டிக் கிடக்கிறது. நடுவில் கிழிபடுவது ஹோஸ். அதுவும் டர்போவிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி உள்ளே பொதபொதவென்று இருந்தது.

"போன வருசம்தானுங்களே இந்த ஹோஸ் மாத்துனோம்?" என்றேன்.

"அதைத்தான் பாக்கறேன்" என்று கீழே படுத்தார். இடது இன்ஜின் மவுண்டிங் ரப்பர் நசுங்கி, இரும்போடு இரும்பு உட்கார்ந்திருந்தது. ஹோஸை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அடுத்த தீபாவளிக்குள் மறுபடி தொப்பூரில் நின்றிருப்போம்.

வியாழன்

இரண்டு பக்கமும் புது மவுண்டிங். துணி வைத்த சிலிக்கான் ஹோஸ். எண்ணெய்க்குத் தாங்கும்படி உள்ளே பூச்சு இருப்பதாகப் பார்த்து வாங்கினோம். வெறும் சிலிக்கானை எண்ணெய் தின்றுவிடும். திருகு கிளிப்புக்குப் பதிலாக அகலப் பட்டை கிளாம்ப். மாட்டும் முன் குழாய் வாயில் இருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்க வைத்தார் மேஸ்திரி. இல்லாவிட்டால் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடுமாம். மறுபடி காற்று, மறுபடி கடப்பாரை. குமிழி இல்லை.

எல்லாம் சேர்த்தும் ரீகண்டிஷன் டர்போவின் விலையில் பாதிகூட வரவில்லை. அடைப்பானை மேஸ்திரி தன் டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டார். லேத் கூலி நான் கொடுத்தது. கேட்கவில்லை.

சாயங்காலம் மேடு ஏறியதும் தம்பி கூப்பிட்டான். சத்தம் இல்லை, புகை இல்லை, போன தடவையைவிட ஒரு கியர் மேலேயே ஏறிற்றாம். புனே பார்ட்டிக்கு லேட் ஆனதை நான்தான் சொல்ல வேண்டுமாம். கூப்பிட்டுச் சொன்னேன், நிறையத் திட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சங்ககிரியிலிருந்து இன்னொரு வண்டி வருகிறது. அதற்கும் மவுண்டிங் பார்க்கச் சொல்லணும்.